நேயர்கள் மூடர்களல்லர்

தூய ஆவியாரின் பெருவிழாவுக்கு முந்திய ஞாயிற்றை உலக சமூகத் தொடர்பு நாளாகத் திருச்சபை 1967-ஆம் ஆண்டு முதல் சிறப்பித்து வருகிறது. அந்நாளின் மறையுரைகளிலும், அதனையொட்டிய கருத்தரங்குகளிலும், இளையோர் பயிற்சி முகாம்களிலும் நாம் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன கதை ஒன்று உண்டு. 1938-ஆம் ஆண்டில் ஒருநாள் இரவு அமெரிக்க வானொலியில் ஒரு நாடகம் ஒலிபரப்பாயிற்றாம். செவ்வாய்க் கோளிலிருந்து வந்த உயிர்கள் பூமியின்மீது படையெடுப்பதாகக் கதையாம். கேட்ட மக்கள் அதை உண்மைச் செய்தியென்றே நம்பி, இலட்சக்கணக்கில் வீடுகளைவிட்டு ஓடினார்களாம். தெருவெல்லாம் கூக்குரலாம், மாரடைப்பால் மாண்டவர் சிலராம், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர் சிலராம். கதையை முடிக்கும்போது பேச்சாளர் குரலைத் தாழ்த்தி, "பார்த்தீர்களா, பாமர மக்கள் எவ்வளவு எளிதில் ஏமாறுகிறார்கள்!" என்பார். நாமும் தலையசைப்போம்.

மறைப்பானேன்? நம்மில் சிலர் மேடையேறி அதே கதையை அதே தொனியில் சொல்லியும் இருக்கிறோம். இன்று அதற்காக வெட்கப்படுகிறோம். ஏனெனில் அக்கதையின் பெரும்பகுதி உண்மையல்ல. கேட்டதை ஆராயாமல் நம்பியவர்கள் என்று எந்த மக்களை நாம் ஏளனம் செய்தோமோ, அவர்களுள் மிகப் பலர் ஆராய்ந்தே கேட்டார்கள். ஆராயாமல் நம்பியவர்கள் நாம்தாம். அதுவும் ஓர் இரவு அன்று, பல பத்தாண்டுகள்.

இது ஒரு பழைய நாடகத்தைப் பற்றிய தகராறுதானே என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். "மக்கள் ஏமாளிகள்" என்ற எண்ணம் ஒருமுறை உள்ளத்தில் வேரூன்றிவிட்டால், அது வானொலியோடு நிற்பதில்லை. "மக்களுக்குப் புரியாது", "மக்கள் குழம்பிப்போவார்கள்", "எளியோரின் நம்பிக்கைக்கு இடறலாகும்" என்னும் சொற்கள் அந்த வேரிலிருந்தே முளைக்கின்றன. பங்குக் கணக்கு மூடிவைக்கப்படுவதும், கேள்வி கேட்ட பொதுநிலையினர் குழப்பவாதியெனப் பட்டம் பெறுவதும் இந்தச் சொற்களின் நிழலில்தான். ஆகவே அக்கதையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டிய கடமை நமக்கு உண்டு.

அன்றிரவு நடந்தது என்ன?

1938 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை, இரவு 8 மணி. நியூயார்க் நகரில் சி.பி.எஸ். வானொலியின் நிலையம். 'மெர்குரி தியேட்டர்' என்னும் நாடகக் குழு வாரந்தோறும் ஓர் இலக்கியப் படைப்பை நாடகமாக்கி ஒலிபரப்பி வந்தது. அதன் தலைவர் ஆர்சன் வெல்ஸ். அப்போது அவருக்கு வயது 23. அந்த வாரம் எடுத்துக்கொள்ளப்பட்ட நூல், ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1898-இல் வெளியிட்ட 'உலகங்களின் போர்' என்னும் அறிவியல் புனைகதை. இதற்கு நாடக வடிவம் தந்தவர் ஹோவர்ட் கோச். இங்கிலாந்தில் நடக்கும் கதையை அவர் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திலுள்ள குரோவர்ஸ் மில் என்ற சிற்றூருக்குக் கொண்டுவந்தார்.

நாடகத்தின் முற்பகுதி செய்தி அறிக்கையின் வடிவில் அமைந்திருந்தது. நடன இசை ஒலித்துக்கொண்டிருக்கும், இசையை இடைமறித்து அறிவிப்பாளர் அவசரச் செய்தி சொல்வார், மீண்டும் இசை, மீண்டும் இடைமறிப்பு. நிருபராக நடித்த பிராங்க் ரெடிக், தம் குரலை நன்கு பழக்கியிருந்தார். 1937 மே 6 அன்று இண்டன்பர்க் வான்கப்பல் தீப்பற்றி வீழ்ந்ததைக் கண்முன் கண்டு கதறிய வானொலியாளர் ஹெர்பர்ட் மாரிசனின் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பயின்றவர் அவர். உள்துறை அமைச்சராக நடித்த கென்னி டெல்மரின் குரலோ, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் குரலை அப்படியே ஒத்திருந்தது. கலைத்திறன் குறைவற்றது என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. தொடக்கத்திலேயே இது நாடகம் என அறிவிக்கப்பட்டது. இடையில் அறிவிக்கப்பட்டது. இறுதியிலும் அறிவிக்கப்பட்டது. பிற்பகுதியோ எவரும் செய்தியென்று மயங்க இயலாத வழக்கமான நாடகம். முடிவில் ஆர்சன் வெல்ஸ் தாமே பேசி, அனைத்துப் புனிதர் பெருவிழாவின் முந்திய இரவையொட்டிச் சிறுவர்கள் பேய்வேடமிட்டு மிரட்டி விளையாடுவதைப் போன்ற விளையாட்டே இது என்று விளக்கினார்.

கேட்டவர் எத்தனை பேர்?

அக்காலத்தில் நிகழ்ச்சிகளுக்கு எத்தனை நேயர்கள் என்று கணக்கெடுத்துவந்த சி.இ. ஹூப்பர் நிறுவனம், அதே இரவில் 5,000 வீடுகளைத் தொலைபேசியில் அழைத்து, என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என வினவியது. இந்த நாடகத்தைக் கேட்பதாகச் சொன்னவர்கள் 2 விழுக்காட்டினரே. அவர்களும் "நாடகம்" என்றோ "வெல்ஸ் நிகழ்ச்சி" என்றோதான் விடையளித்தனர். செய்தி கேட்கிறோம் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. அந்த நேரத்தில் நாட்டின் செவிகளை ஈர்த்துக்கொண்டிருந்தது வேறொரு நிலையத்தில் ஒலித்த எட்கர் பெர்கனின் நகைச்சுவை நிகழ்ச்சி. மரப்பொம்மையைப் பேசவைக்கும் வித்தைக்காரர் அவர்!

அப்படியானால் இலட்சக்கணக்கானோர் ஓடிய செய்தி எங்கிருந்து வந்தது? மறுநாள் காலைச் செய்தித்தாள்களிலிருந்து வந்தது. 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்திலேயே, வானொலி நேயர்கள் பீதியுற்றதாகத் தலைப்பிட்டது. மூன்று வாரங்களுக்குள் நாடெங்கும் இதுபற்றி வெளியான செய்திகளும் கட்டுரைகளும் 12,500 எனக் கணக்கிடப்பட்டுள்ளன. அங்கொருவர் இங்கொருவராகக் காவல் நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்த செய்திகள் தொகுக்கப்பட்டு, நாடே நடுங்கியதாகப் பெரிதாக்கப்பட்டன. நாடகத்தால் ஒருவரேனும் இறந்தார் என்பது மெய்ப்பிக்கப்படவே இல்லை.

செய்தித்தாள்களுக்கு இதில் ஆதாயமும் இருந்தது. பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய அப்பத்தாண்டில், அவற்றின் விளம்பர வருவாயை வானொலி என்னும் புதுப் போட்டியாளர் பறித்துக்கொண்டிருந்தார். "வானொலி பொறுப்பற்றது, நம்பத்தகாதது" என்று காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு வாய்க்குமா?

பின்னர் ஆய்வு நூலும் வந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஹேட்லி கேண்ட்ரில் 1940-இல் வெளியிட்ட நூல், நாடகத்தைக் கேட்டவர்கள் 60 இலட்சம் பேர், செய்தியென நம்பியவர்கள் 17 இலட்சம் பேர், கலக்கமுற்றவர்கள் 12 இலட்சம் பேர் என மதிப்பிட்டது. பாடநூல்கள் பலவும் இந்தக் கணக்கையே ஓதுகின்றன. ஆனால் அது நாடகம் நடந்து ஆறு வாரங்கள் கழித்து, செய்தித்தாள்களின் ஆரவாரம் காதில் விழுந்தபின் மக்களிடம் கேட்டுப் பெற்ற மதிப்பீடு. கலக்கமுறுவது வேறு, வீட்டைவிட்டு ஓடுவது வேறு. கேண்ட்ரில் குழுவினர் விரிவாக நேர்கண்டவர்கள் 135 பேர். அவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் அஞ்சியவர்கள் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மருத்துவமனையில் மட்டும் கணக்கெடுத்துவிட்டு ஊரெல்லாம் நோயாளிகள் என்று சொல்வது முறையாகுமா?

கடிதங்கள் பேசுகின்றன

வானொலி கேட்பவரை நம் மொழி 'நேயர்' என்று அழைக்கிறது. நேயம் என்றால் அன்பு. கேட்பவர் வெறும் காது அல்லர், அன்பு கொண்டவர் என்று இந்தச் சொல் நமக்கு நினைவூட்டுகிறது. அந்த நேயர்கள் அன்றிரவு நாடகத்தைப் பற்றி என்ன நினைத்தார்கள்? கதை சொன்னவர்கள் எவரும் இதைக் கேட்டதில்லை. நாமும் கேட்டதில்லை. விடையோ நேயர்களின் கையெழுத்திலேயே இருக்கிறது.

மெர்குரி தியேட்டருக்கு 1,450 கடிதங்கள் வந்தன. அவற்றில் 91 விழுக்காடு பாராட்டுக் கடிதங்கள். வானொலியைக் கண்காணிக்கும் அரசு ஆணையத்துக்கு 644 கடிதங்கள் சென்றன. குறை சொல்வதற்கென்றே மக்கள் நாடும் அந்த அலுவலகத்துக்கு வந்தவற்றிலும் ஏறத்தாழ 40 விழுக்காடு நாடகத்துக்கு ஆதரவானவை. இக்கடிதங்களில் சுமார் 2,000 இன்றும் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் உள்ளன. அவற்றைப் படித்து ஏ. பிராட் ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர் 2015-இல் ஒரு நூல் எழுதினார். தாமே அஞ்சியதாகவோ பிறர் அஞ்சியதைக் கண்டதாகவோ எழுதியவர்கள் நூற்றுக்கு 27 பேர் அளவினரே. அவர்களிலும் வீட்டைவிட்டு ஓடியவர்கள் மிகச் சிலரே என அவர் கண்டார்.

எண்ணிக்கையைவிட, அக்கடிதங்களில் நடக்கும் வாதம் சிறப்பானது. நாடகத்தின் கலையைச் சுவைத்துப் பாராட்டியவர்கள் உண்டு. தாம் ஏமாந்ததை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டு, அப்படியும் பாராட்டியவர்கள் உண்டு. செய்தி அறிக்கை என்பது மக்கள் உயிரையே நம்பி ஒப்படைக்கும் வடிவம், அதை விளையாட்டுக்குக் கருவியாக்கலாமா என்று சினந்தவர்கள் உண்டு. இதற்காக வானொலிக்குத் தணிக்கை வேண்டும் என்றவர்களும், ஒரு நாடகத்துக்காகப் பேச்சுரிமையைப் பறிகொடுப்பதா என்று அவர்களை எதிர்த்தவர்களும் உண்டு. சர்வாதிகாரிகள் வானொலியைக் கைப்பற்றிவரும் காலத்தில் இது நமக்கு ஓர் எச்சரிக்கை என்று சிந்தித்தவர்களும் உண்டு. ஏமாந்த தம் அயலாரைப் பழித்து எழுதியவர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்கவில்லை. நம் பேச்சாளர்களின் முன்னோடிகள் அவர்கள்!

இவற்றில் எது மூடர்களின் பேச்சு? கலைக்குள்ள உரிமை எது, நம்பிக்கையைக் காக்கும் கடமை எது என்னும் கேள்வியை எழுப்பியவர்கள் அறிஞர் அவையினர் அல்லர். வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்த குடும்பத்தார். சினந்தவர்களின் குரலும் வீண்போகவில்லை. அச்சமூட்டும் முறையில் செய்தி அறிக்கையின் வடிவை நாடகத்தில் இனிப் பயன்படுத்துவதில்லை என்று சி.பி.எஸ். நிறுவனம் உறுதியளித்தது. அரசு ஆணையமோ எவரையும் தண்டிக்காமல் 1938 டிசம்பரில் விசாரணையை முடித்துக்கொண்டது. பாராட்டியவர்கள் விரும்பியவாறு கலை பிழைத்தது. கண்டித்தவர்கள் விரும்பியவாறு ஒரு வரம்பும் பிறந்தது. ஒரு சமுதாயம் தன் செவிகளைக்கொண்டு சிந்திக்கும் முறை இதுவே.

அஞ்சியவர்கள் யார்?

அஞ்சியவர்களே இல்லை என்று நாம் வாதிடவில்லை. இருந்தார்கள். அவர்களது அச்சத்துக்குக் காரணம் இருந்தது. நாடகத்துக்கு ஒரு மாதம் முன்புதான், 1938 செப்டம்பரில், மியூனிக் நெருக்கடியால் ஐரோப்பா போரின் விளிம்பில் நின்றது. இசையை இடைமறித்து வானொலி தந்த அவசர அறிக்கைகளை நாள்தோறும் கேட்டு மக்கள் பழகியிருந்தார்கள். தொடக்க அறிவிப்பைத் தவறவிட்டு நடுவில் வந்து சேர்ந்தவர்கள், அதே போன்ற குரலைக் கேட்டபோது, செவ்வாய்க் கோளை நினைக்கவில்லை. ஜெர்மானியர் தாக்குகிறார்கள் என்றே பலர் எண்ணினர். ஓராண்டுக்குள் உலகப் போர் மூண்டது என்பதை நினைத்தால், அவர்களை மூடர் என்று சொல்ல நாக்கு எழுமா? வாஷிங்டன் மாநிலத்தில் கான்கிரீட் என்ற சிற்றூரில், நாடகம் நடந்த நேரத்தில் தற்செயலாக மின்சாரமும் தடைப்பட்டது. அந்த இருளில் அமர்ந்திருந்தவர்களை நாம் எள்ளி நகையாடுவது அறமாகாது.

பீதிக் கதையைப் பரப்பக் காரணமான அதே கேண்ட்ரிலின் நூலே, நேயர்கள் உண்மையை அறியக் கையாண்ட வழிகளையும் பதிவுசெய்துள்ளது. சிலர் நாடகத்தின் உள்ளேயே பொருந்தாமையைக் கண்டார்கள். நெடுந்தொலைவைச் சில நிமிடங்களில் நிருபர் கடந்துவிட்டதைக் கவனித்துப் புன்னகைத்தார்கள். சிலர் வேறு நிலையத்துக்குத் திருப்பிப் பார்த்தார்கள். சிலர் செய்தித்தாளை எடுத்து அன்றைய நிகழ்ச்சிநிரலைத் தேடினார்கள். கல்வி வாய்ப்புக் குறைந்தவர்கள் அதிகம் நம்பினார்கள் என்றும் அந்நூல் கூறுகிறது. உண்மையே. ஆனால் அதிலிருந்து பிறக்க வேண்டிய முடிவு, அவர்களுக்கு ஆராயும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பதே. அவர்களை ஏளனம் செய்யலாம் என்பது அன்று.

பெரோயா நகரத்தாரை நினைத்துப் பார்ப்போம். பவுலடியார் அங்கே போதித்தபோது, அவர் சொன்னவை மெய்தானா என்று அவர்கள் மறைநூலை நாள்தோறும் ஆராய்ந்தார்கள். திருத்தூதரையே சரிபார்த்த அவர்களைப் பெருந்தன்மையுள்ளவர்கள் என்று திருத்தூதர் பணிகள் நூல் போற்றுகிறது. நம்பிக்கை குன்றியவர்கள் என்று தூற்றவில்லை. வேறு நிலையத்துக்குத் திருப்பிப் பார்த்த அந்த அமெரிக்க நேயர், அறிந்தோ அறியாமலோ, பெரோயா நகரத்தாரின் வழியில் நடந்தவர்.

கீட்டோ நகரின் நெருப்பு

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். எக்வதோர் நாட்டின் தலைநகரான கீட்டோவில் இதே கதை 1949 பிப்ரவரி 12 அன்று எசுப்பானிய மொழியில் நாடகமாக ஒலிபரப்பப்பட்டது. அங்கே மெய்யாகவே மக்கள் தெருவுக்கு வந்தார்கள். வானொலி நிலையம் இயங்கிய 'எல் கொமர்சியோ' நாளிதழின் கட்டடம் தீக்கிரையாயிற்று. மனித உயிர்களும் பலியாயின. கத்தோலிக்கர் நிறைந்த அந்நகரில் நடந்தது மக்களின் மூடத்தனத்துக்குச் சான்று ஆகாதா என்று கேட்கலாம்.

ஆகாது. நியூயார்க்கில் செய்ததைக் கீட்டோவில் செய்யவில்லை. நாடகம் என்ற முன்னறிவிப்பு அங்கே இல்லை. அந்நாட்டில் உண்மையிலேயே பொறுப்பிலிருந்த அதிகாரிகளின் குரலைப் போலவே நடிகர்கள் பேசினார்கள். மக்கள் தம் அரசை நம்பினார்கள், அவ்வளவே. நெருப்பு மூண்டது எப்போது என்பதையும் பாருங்கள். செவ்வாய் வாசிகள் வந்துவிட்டார்கள் என்று நம்பியபோது அன்று; எல்லாம் நாடகம் என்ற உண்மை தெரிந்த பிறகு. உயிரைப் பறித்த அந்த வன்முறையை நாம் ஒருபோதும் நியாயப்படுத்தமாட்டோம். ஆனால் அதன் காரணம் மூடத்தனம் அன்று என்பது தெளிவு. தங்கள் நம்பிக்கை விளையாட்டுப் பொருளாக்கப்பட்டதை அறிந்தவர்களின் சினம் அது. நேயரை மதிக்காத ஒலிபரப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கே கீட்டோ சான்று.

மூன்று வாரங்களுக்குப் பின்

நம் பேச்சாளர்கள் சொல்லாமல் விடும் இன்னொரு நிகழ்ச்சி உண்டு. அது நமக்கு வலிக்கும் நிகழ்ச்சி. ஆகவேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

செவ்வாய் நாடகம் ஒலித்த மூன்று வாரங்களில், 1938 நவம்பர் 20 அன்று, அதே அமெரிக்காவில் இன்னொரு குரல் வானொலியில் பேசியது. அது டெட்ராய்ட் நகரை அடுத்த இராயல் ஓக் பங்கின் அருள்பணியாளர் சார்லஸ் காஃப்லினின் குரல். குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் பெயரால் எழுந்த திருத்தலத்தின் தந்தை அவர். பல இலட்சம் நேயர்களைக் கொண்டவர். பத்து நாள் முன்புதான் ஜெர்மனியில் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் கொளுத்தப்பட்டு, அவர்களது கடைகள் நொறுக்கப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் சிறைப்பிடிக்கப்பட்டிருந்தனர். அத்தருணத்தில் அவர் வானொலியில் பேசியது என்ன? பொதுவுடைமைக்குக் காரணம் யூதர்களே என்றும், நாசிசம் அதற்கெதிராக எழுந்த தற்காப்பே என்றும் பொருள்படப் பேசினார். உருசியப் புரட்சிக்கு யூத வங்கியாளர்கள் பணம் தந்தார்கள் என்னும் ஆதாரமற்ற கூற்றையும் எடுத்துரைத்தார்.

வெல்ஸ் தம் கதையைக் கதை என்று சொன்னார். காஃப்லினோ தம் பொய்யை உண்மை என்று சொன்னார். திருவுடை அணிந்துகொண்டு சொன்னார். இரண்டில் எது ஆபத்தானது? செவ்வாய் நாடகத்தால் இறந்தவர் என மெய்ப்பிக்கப்பட்டவர் எவருமில்லை. யூதர்மீதான பகைமை எங்கே போய் முடிந்தது என்பதை உலகம் அறியும்.

திருச்சபையின் உள்ளிருந்து எதிர்ப்பே எழவில்லை என்று சொல்லலாகாது. சிக்காகோவின் கர்தினால் முண்டலைன் அதே டிசம்பரில், காஃப்லின் திருச்சபையின் பெயரால் பேச அதிகாரம் பெற்றவர் அல்லர் என்று வெளிப்படையாக அறிவித்தார். நியூயார்க்கின் ஒரு வானொலி நிலையம் அவரது அடுத்த உரையை ஒலிபரப்ப மறுத்தது. ஆயினும் அவரது குரலை முற்றிலும் நிறுத்தத் திருச்சபை அதிகாரிகளுக்கு 1942 வரை பிடித்தது. ஊடகத்தின் ஆபத்தைப் பற்றிக் கத்தோலிக்க மேடையில் பேசுவோர் செவ்வாய் வாசிகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் வீட்டிலிருந்தே பாடம் தொடங்கலாம்.

திருச்சபை கற்பிப்பது என்ன?

நேயரை ஏமாளியாகக் காணும் பார்வை திருச்சபையின் போதனைக்குப் புறம்பானது. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணை, தருவோருக்கு மட்டுமன்றிப் பெறுவோருக்கும் கடமைகளை வகுக்கிறது. தேர்ந்து தெளியும் கடமையை அவர்களிடமே ஒப்படைக்கிறது. தேர்ந்து தெளியும் ஆற்றல் அற்றவரிடம் அந்தக் கடமையை யாராவது ஒப்படைப்பார்களா? 'திருச்சபை' பற்றிய அச்சங்கத்தின் கொள்கைத் திரட்டு, திருச்சபையின் நலன் குறித்துத் தம் கருத்தைத் தெரிவிக்கும் உரிமையும் சிலவேளைகளில் கடமையும் பொதுநிலையினருக்கு உண்டு என்கிறது. 1971-இல் வெளிவந்த மேய்ப்புப்பணி அறிவுரை ஏடு, திருச்சபைக்குள்ளும் பொதுக் கருத்து நிலவ வேண்டியதன் தேவையை வற்புறுத்துகிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 212-ஆம் சட்டம் அதே உரிமையைச் சட்டமாகவே வடித்துள்ளது. 2022-ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாள் செய்திக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் தேர்ந்துகொண்ட கருப்பொருளோ, இதயத்தின் செவியால் கேட்பது. பேசுவதன் நாள் என்று நாம் எண்ணிய நாளை, கேட்பதன் நாளாக அவர் மாற்றினார்.

ஏடுகளில் எல்லாம் இருக்கிறது. நடப்பில் என்ன இருக்கிறது? நம் பங்குகளும் மறைமாவட்டங்களும் இன்று இதழ் நடத்துகின்றன. ஒலி, ஒளிப் படைப்புகளை வெளியிடுகின்றன. கைப்பேசி வழியாக மறையுரைகளை வீடுவீடாக அனுப்புகின்றன. எத்தனை பேருக்கு அனுப்பினோம் என்ற கணக்கு நம்மிடம் உண்டு. அவர்கள் என்ன சொன்னார்கள் என்ற கணக்கு உண்டா? வந்த கடிதங்களில் பாராட்டு மட்டும் அச்சேறுகிறது; குறை சொன்னது குப்பைத் தொட்டிக்குச் செல்கிறது. பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை மேடையேறி, மக்களுக்குத் தேர்ந்து தெளியும் அறிவு இல்லை என்று வருந்துகிறோம்!

ஆகவே சிலவற்றை வெளிப்படையாகக் கேட்கிறோம். முதலாவது, அந்தச் செவ்வாய்க் கதையை இனி மேடையில் சொல்ல வேண்டாம். அயலாருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்லாதிருக்கும் கட்டளை, 1938-இல் வாழ்ந்த அயலாருக்கும் பொருந்தும். சொல்லியே தீர வேண்டுமானால், அந்த 1,450 கடிதங்களோடு சேர்த்துச் சொல்லுங்கள். காஃப்லினையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டாவது, நம் இதழ்களிலும் ஒலிபரப்புகளிலும் மாறுபட்ட கருத்துக்கு நிலையான இடம் வேண்டும். கண்டித்து எழுதியவரும் நேயரே. இன்னும் சொன்னால், கண்டிக்கும் அளவுக்குக் கவனித்துக் கேட்ட நேயர் அவர். மூன்றாவது, மறைக்கல்வியில் நம் பிள்ளைகளுக்குப் பெரோயா நகரத்தாரின் பழக்கத்தைக் கற்றுத்தர வேண்டும். எவருடைய குரலையும் எந்திரம் போலியாக எழுப்பக்கூடிய இக்காலத்தில், "பெரியவர் சொன்னார், நம்பு" என்பது போதிய பாடமாகாது. "யார் சொன்னார், எங்கே சொன்னார், வேறெவர் சொல்கிறார்?" என்று கேட்கக் கற்ற பிள்ளையே தன் விசுவாசத்தையும் காத்துக்கொள்ளும்.

இவற்றைப் பொதுநிலையினராகிய நாம் மேலிருந்து வரும் கொடையாகக் காத்திருக்க வேண்டியதில்லை. அன்று அந்த அமெரிக்கக் குடும்பத்தாரை எழுதுங்கள் என்று எவரும் வேண்டிக்கொள்ளவில்லை. பிடித்திருந்தது, எழுதினார்கள், பிடிக்கவில்லை, எழுதினார்கள். மறையுரை நெஞ்சைத் தொட்டால் பங்குத்தந்தையிடம் சொல்வோம். தொடாவிட்டால் அதையும் பணிவோடு சொல்வோம். ஓர் இதழில் தவறு கண்டால் அஞ்சலட்டை ஒன்று போதும்.

இந்தக் கட்டுரையையும் அப்படியே படிக்க வேண்டுகிறோம். நாம் சொன்ன எண்களையும் ஆண்டுகளையும் சரிபாருங்கள். பிழை கண்டால் இதழுக்கு எழுதுங்கள். அக்கடிதத்தை முதல் ஆளாகப் படிக்கக் காத்திருக்கிறோம்.